பெர்னார்ட் ஹெர்மன்

பெர்னார்ட் ஹெர்மன் (ஜூன் 29, 1911 – டிசம்பர் 24, 1975) ஓர் அமெரிக்க இசையமைப்பாளரும் இசைநடத்துனரும் ஆவார். வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய மூன்று ஊடகங்களுக்கும் இசையமைத்தவர். ஆர்சன் வெல்சு இயக்கிய சிட்டிசன் கேன் (1941) இவருடைய முதல் திரைப்படம். மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கிய டாக்சி டிரைவர் (1976) இறுதித் திரைப்படம். இடைப்பட்ட காலத்தில் இயக்குனர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் வெர்டிகோ, நார்த் பை நார்த்வெஸ்ட், சைக்கோ முதலிய படங்களுக்கு இவர் அமைத்த பின்னணி இசை பரவலாக அறியப்பட்டதாகும். படம் பார்க்காதவர்கள் கூட, சைக்கோவின் குளியலறைக் கொலைக் காட்சியில் ஒலிக்கும் வயலின்களின் கீச்சொலியை எங்கேனும் கேட்டிருப்பர்.

"திரைப்பட இசையமைப்பாளர்" என்று அழைக்கப்படுவதை ஹெர்மன் விரும்பவில்லை. தாம் ஓர் இசையமைப்பாளர் என்றும், திரைப்படம் தாம் எழுதும் துறைகளுள் ஒன்று என்றுமே கூறிவந்தார். சிம்பொனி, ஓப்பெரா முதலிய வடிவங்களிலும் எழுதியுள்ளார். ஆயினும் இன்று அவருடைய பெயர் நிலைத்திருப்பது திரையிசையாலேயே.

இளமை

ஹெர்மன் நியூயார்க் நகரில் ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை இசையார்வம் மிக்கவர். மகனை ஓப்பெரா நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் சென்றதோடு வயலின் கற்கவும் ஊக்குவித்தார். ஹெர்மன் தமது 13ஆம் அகவையில் இசை இயற்றும் போட்டி ஒன்றில் பரிசு பெற்றார். பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பெர்சி கிரெய்ஞ்சர், பிலிப் ஜேம்ஸ் ஆகியோரிடம் பயின்றார். ஜூலியார்ட் இசைப்பள்ளியிலும் படித்தார். 20ஆம் அகவையில் சொந்தமாக ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார்.

வானொலி

1934இல் சிபிஎஸ் வானொலியில் பணியில் சேர்ந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய தொழிற்கூடமாக அமைந்தது இந்நிறுவனமே. வானொலி நாடகங்களுக்குக் காட்சி கிடையாது. இடமாற்றம், காலமாற்றம், அச்சம், ஐயம் அனைத்தையும் ஒலியாலேயே உணர்த்த வேண்டும். அதுவும் சில நொடிகளுக்குள், வாரந்தோறும், நேரடி ஒலிபரப்பில் செய்ய வேண்டும். ஒரு முழு இன்னிசை விரிவதற்கு நேரம் இராது. ஆனால் ஒரு கிளாரினெட்டின் தாழ்சுரத்துக்கு நேரம் இருக்கும். குறைந்த கருவிகளால், குறுகிய நேரத்தில் ஒரு மனநிலையை உருவாக்கும் திறனை ஹெர்மன் இங்கேயே பெற்றார். பின்னாளில் அவருடைய திரையிசையில் காணப்படும் தனித்தன்மைகள் பலவற்றுக்கும் வேர் இதுவே எனலாம்.

1938இல் ஆர்சன் வெல்சின் மெர்க்குரி நாடகக் குழு சிபிஎஸ் வானொலியில் நாடகங்களை ஒலிபரப்பியபோது அதன் இசைப்பொறுப்பு ஹெர்மனுடையதாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று ஒலிபரப்பாகிப் பெரும் பரபரப்பை ஏற்படுத்திய "உலகங்களின் போர்" நாடகத்திலும் இசைக்குழுவை நடத்தியவர் இவரே. செவ்வாய்க் கோளினர் படையெடுப்பைச் செய்தி அறிக்கைகளின் வடிவில் கூறிய அந்நாடகத்தில், செய்திகளுக்கிடையே வரும் சாதாரண நடன இசை முக்கிய இடம் பெற்றது.

1943இல் சிபிஎஸ் சிம்பொனி இசைக்குழுவின் தலைமை இசைநடத்துனரானார். அமெரிக்க இரசிகர்கள் அதிகம் அறிந்திராத படைப்புகளை வானொலியில் அறிமுகப்படுத்துவதில் இவர் காட்டிய முனைப்பு குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் பெரிதும் புறக்கணிக்கப்பட்டிருந்த சார்லஸ் ஐவ்ஸின் இசைக்காக விடாது குரல் கொடுத்தவர்களுள் இவரும் ஒருவர்.

இவர் 1939இல் வானொலி எழுத்தாளர் லூசில் ஃபிளெச்சரை மணந்தார். ஃபிளெச்சர் எழுதிய "தி ஹிட்ச்-ஹைக்கர்" நாடகம் 1941இல் வெல்சின் நடிப்பிலும் ஹெர்மனின் இசையிலும் ஒலிபரப்பானது. இவர்களுடைய மணவாழ்க்கை 1948இல் முறிந்தது.

சிட்டிசன் கேன்

வெல்சு ஹாலிவுட்டுக்குச் சென்றபோது ஹெர்மனையும் உடன் அழைத்துச் சென்றார். அன்றைய ஹாலிவுட் வழக்கப்படி, படம் முடிந்து தொகுக்கப்பட்ட பின்னரே இசையமைப்பாளரிடம் வரும். சில வாரங்களுக்குள் அவர் இசையை எழுதி முடிக்க வேண்டும். சிட்டிசன் கேனுக்கு ஹெர்மனுக்குக் கிடைத்தது 12 வாரங்கள். படம் எடுக்கப்பட்டுவரும்போதே சுருள் சுருளாகப் பார்த்து எழுதினார். சில காட்சிகளில் இந்த முறை தலைகீழாகவும் நடந்தது. அதாவது, முதலில் இசை எழுதப்பட்டது. அதன் நீளத்துக்கேற்பப் படம் வெட்டப்பட்டது.

நாயகன் கேனும் அவனுடைய முதல் மனைவியும் காலையுணவு மேசையில் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற காட்சித்தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஓர் இல்லற வாழ்வு பல ஆண்டுகளில் சிதைவதை அக்காட்சி சில நிமிடங்களில் காட்டுகிறது. இனிய வால்ட்ஸ் மெட்டு ஒன்றுடன் தொடங்கும் இசை, ஒவ்வொரு துணுக்கிலும் சிறிது சிறிதாக மாறி, இறுதியில் இருவரும் பேச்சின்றிச் செய்தித்தாள் படிக்கும் நிலையில் குளிர்ந்துவிடுகிறது. மெட்டு ஒன்றே, அதன் உடை மட்டும் மாறுகிறது.

கேனின் இரண்டாம் மனைவி சூசன் ஓப்பெரா பாடித் தோல்வியடையும் காட்சிக்காகச் "சலாம்போ" என்னும் கற்பனை ஓப்பெராவின் பகுதி ஒன்றையும் ஹெர்மன் இயற்றினார். ஒரு சிறிய குரல், பெரிய இசைக்குழு ஒன்றில் மூழ்கித் திணறுவது போல அது வேண்டுமென்றே எழுதப்பட்டதாகும். பாடகியிடம் குறை இருப்பதைக் காட்ட மோசமான இசையை எழுதுவது எளிது. நல்ல இசையை எழுதி, அது அவளுடைய குரலுக்குப் பொருந்தாதவாறு அமைத்ததே ஹெர்மனின் நுட்பம்.

அதே 1941ஆம் ஆண்டு வெளிவந்த "ஆல் தட் மணி கேன் பை" படத்துக்கும் இவர் இசையமைத்தார். இரண்டு படங்களும் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. இரண்டாவது படத்துக்கு விருது கிடைத்தது. ஹெர்மன் பெற்ற ஒரே ஆஸ்கார் விருது அதுவேயாகும்.

வெல்சின் அடுத்த படமான "தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்" (1942) துயரமான முடிவை அடைந்தது. ஆர்கேஓ நிறுவனம் வெல்சின் ஒப்புதலின்றி அப்படத்தை 88 நிமிடங்களாகக் குறுக்கியது. ஹெர்மனின் இசையில் பெரும்பகுதி நீக்கப்பட்டு, வேறொருவரின் இசை சேர்க்கப்பட்டது. தமது பெயரைப் படத்திலிருந்து நீக்குமாறு ஹெர்மன் வற்புறுத்தினார், அவ்வாறே நீக்கப்பட்டது. ஹாலிவுட்டுக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆன ஒருவர் இவ்வாறு செய்வது அரிது.

இசையமைப்பு முறை

ஹாலிவுட்டில் இசையமைப்பாளர் மெட்டையும் சுரக்கோர்வைகளையும் சுருக்கமாக எழுதித் தருவார். எந்தச் சுரத்தை எந்தக் கருவி வாசிக்க வேண்டும் என்று விரித்தெழுதுவது வேறொருவரின் பணி. நேர நெருக்கடியால் ஏற்பட்ட தொழிற்பிரிவினை இது. ஹெர்மன் இதை ஏற்கவில்லை. கருவிகளைத் தேர்வது இசை இயற்றுவதிலிருந்து பிரிக்க முடியாதது என்றும், அது ஒருவருடைய கைரேகை போன்றது என்றும் கருதினார். தமது இசை முழுவதையும் தாமே விரித்தெழுதினார்.

இதன் விளைவு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புதிய இசைக்குழு. ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் கருவியாளர்கள் அனைவரையும் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இவருக்கு இருந்ததில்லை. வேற்றுக்கோள் மனிதர் பூமிக்கு வரும் கதையான "தி டே தி எர்த் ஸ்டூட் ஸ்டில்" (1951) படத்தில் வழக்கமான வயலின் குழுவை விலக்கிவிட்டு, இரண்டு தெரமின்கள், மின்வயலின், ஆர்கன்கள், உலோகக் காற்றுக்கருவிகள் ஆகியவற்றைக் கொண்டு இசையமைத்தார். தெரமின் என்பது கையால் தொடாமல், காற்றில் கையசைத்து வாசிக்கப்படும் மின்னணுக் கருவியாகும். கடலடிக் காட்சிகள் நிறைந்த "பினீத் தி 12-மைல் ரீஃப்" (1953) படத்தில் ஒன்பது ஹார்ப்புகள் ஒலித்தன. "ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்" (1959) படத்தில் ஐந்து ஆர்கன்களும், வழக்கொழிந்த "சர்ப்பன்ட்" என்னும் பாம்பு வடிவக் காற்றுக்கருவியும் இடம்பெற்றன.

இரண்டாவது தனித்தன்மை, நீண்ட மெட்டுகளைத் தவிர்த்தமை. ஒன்றிரண்டு தாள அளவே நீளும் சிறு சுரத்தொடர்களை எடுத்து, அவற்றை மீண்டும் மீண்டும் அடுக்கி, கருவிகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்வார். நீண்ட மெட்டு தொடங்கினால் அது முடியும்வரை காட்சி காத்திருக்க வேண்டும். சிறு துணுக்கு அவ்வாறன்று. எவ்விடத்திலும் நிறுத்தலாம், எவ்விடத்திலும் திருப்பலாம். செங்கற்களைக் கொண்டு எந்த அளவிலும் சுவர் எழுப்புவது போன்றது இது.

சுரக்கோர்வைகளிலும் அவருக்கென ஒரு விருப்பம் இருந்தது. கர்நாடக இசைச் சொற்களில் கூறின், சட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கோர்வை அது. முதல் மூன்றும் சோகமான, ஆனால் நிலையான ஓர் ஒலியைத் தருகின்றன. நான்காவது அந்த நிலைத்தன்மையைக் குலைத்து, தீர்வை நோக்கி இழுக்கிறது. ஆனால் தீர்வு வருவதில்லை. வெர்டிகோ, சைக்கோ ஆகிய இரண்டின் தொடக்க இசையும் இக்கோர்வையை அடிப்படையாகக் கொண்டவை. இதைச் சிலர் "ஹிட்ச்காக் கோர்வை" என்றே அழைக்கின்றனர்.

ஹிட்ச்காக்குடன்

1951இல் சிபிஎஸ் சிம்பொனி இசைக்குழு கலைக்கப்பட்டதும் ஹெர்மன் லாஸ் ஏஞ்சலசுக்குக் குடிபெயர்ந்தார். "தி டிரபிள் வித் ஹாரி" (1955) படத்தில் தொடங்கிய ஹிட்ச்காக்குடனான கூட்டு, 1964இல் வெளியான "மார்னி" வரை ஏழு படங்களுக்கு நீடித்தது. "தி பேர்ட்ஸ்" (1963) படத்தில் இசையே கிடையாது. மின்னணுக் கருவியால் உருவாக்கப்பட்ட பறவையொலிகள் கொண்ட அப்படத்தில் ஹெர்மன் ஒலி ஆலோசகராகப் பணியாற்றினார்.

"தி மேன் ஹூ நியூ டூ மச்" (1956) படத்தின் உச்சக்காட்சியில் இலண்டன் ஆல்பர்ட் அரங்கில் இசைக்குழுவை நடத்துபவராகத் திரையில் தோன்றுபவர் ஹெர்மனே. அக்காட்சியில் ஒலிப்பது அவருடைய இசையன்று. ஆர்தர் பெஞ்சமின் 1934ஆம் ஆண்டின் மூலப்படத்துக்காக எழுதியது. புதிதாக எழுத வாய்ப்பிருந்தும், பழையதே சிறப்பாக உள்ளது என்று அதையே வைத்துக்கொண்டார். கடுஞ்சினத்துக்கும் கடுஞ்சொல்லுக்கும் பெயர் பெற்ற இவருடைய மற்றொரு பக்கம் இது.

வெர்டிகோ (1958) படத்தின் இசையை அவரால் தாமே நடத்திப் பதிவு செய்ய இயலவில்லை. அமெரிக்க இசைக்கலைஞர்களின் வேலைநிறுத்தம் காரணமாக, இலண்டனிலும் பின்னர் வியன்னாவிலும் மியூர் மாத்தீசன் இசைக்குழுவை நடத்தினார். நீண்ட நேரம் உரையாடலே இல்லாது, நாயகன் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து செல்லும் காட்சிகள் இப்படத்தில் உண்டு. அவற்றில் கதையை நடத்திச் செல்வது இசையே.

சைக்கோ (1960) குறைந்த செலவில், ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழுவினரைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. ஹெர்மன் வயலின், வியோலா, செலோ, டபுள் பாஸ் ஆகிய நரம்புக் கருவிகளை மட்டும் பயன்படுத்தினார். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரே நிறத்து ஒலி என்பது அவருடைய விளக்கம். அச்சமூட்டும் படங்களில் அன்று வழக்கமாக முழங்கும் முரசும் ஊதுகொம்பும் இதில் இல்லை. காதல் காட்சிகளுக்கு உரியதாகக் கருதப்பட்ட வயலினே இங்கு கத்தியாகிறது.

குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பது ஹிட்ச்காக்கின் முடிவாக இருந்தது. ஹெர்மன் அதை மீறி ஒரு பகுதியை எழுதிவைத்திருந்தார். படம் எதிர்பார்த்தவாறு அமையவில்லை என்று ஹிட்ச்காக் சோர்ந்திருந்த வேளையில், இசையுடன் அக்காட்சியைப் போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் உடனே ஏற்றுக்கொண்டார். படம் முழுவதும் ஒலித்தடுப்பான் பொருத்தி வாசிக்கப்படும் நரம்புக் கருவிகள், அக்காட்சியில் மட்டும் தடுப்பான் அகற்றப்பட்டு ஒலிக்கின்றன. அதுவரை மூடியிருந்த கதவு ஒன்று திறந்தது போன்ற உணர்வுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஹிட்ச்காக்குக்காக ஹெர்மன் அமைத்த இசையில் ஒன்று கூட ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

இதே காலத்தில், அசைவூட்டக் கலைஞர் ரே ஹாரிஹவுசனின் "தி செவன்த் வோயேஜ் ஆஃப் சின்பாத்" (1958), "ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்" (1963) உள்ளிட்ட நான்கு கற்பனைப் படங்களுக்கும் இசையமைத்தார்.

தொலைக்காட்சி

ஹெர்மனின் தொலைக்காட்சிப் பணி அவருடைய திரையிசை அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1950களில் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக அவர் எழுதிய இசையில் ஒரு பகுதி, குறிப்பிட்ட எந்த நிகழ்ச்சிக்கும் உரியதன்று. மேற்கத்தியக் கதைகளுக்கு ஒரு தொகுப்பு, விண்வெளிக் கதைகளுக்கு ஒரு தொகுப்பு என எழுதிப் பதிவு செய்யப்பட்டு, நிறுவனத்தின் இசைக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டது. தொடர்களின் தொகுப்பாளர்கள் வேண்டிய துணுக்கை எடுத்துப் பயன்படுத்திக் கொள்வர். ஒவ்வொரு படத்தின் ஒவ்வொரு நொடிக்கும் தனியே கருவிகளைத் தேர்ந்த ஒருவரின் இசை, அவர் பார்த்திராத காட்சிகளுக்கும் இவ்வாறு ஒட்டப்பட்டது. "ஹேவ் கன் – வில் டிராவல்" தொடரின் தொடக்க இசையும் இவருடையதே. 1954இல் ஒளிபரப்பான "எ கிறிஸ்துமஸ் கரோல்" இசை நாடகத்துக்கும் இவரே இசையமைத்தார்.

1959 அக்டோபரில் தொடங்கிய "தி ட்விலைட் சோன்" தொடரின் முதற்பருவத்துக்கு முகப்பிசை அமைத்தவர் ஹெர்மன். இன்று அத்தொடரின் அடையாளமாக அறியப்படும் நான்கு சுரக் கிட்டார் இசை மாரியஸ் கான்ஸ்டன்ட் எழுதியது; அது இரண்டாம் பருவத்திலேயே சேர்க்கப்பட்டது. தொடரின் ஏழு பகுதிகளுக்கு ஹெர்மன் தனியே பின்னணி இசை அமைத்தார். அவற்றுள், அலுத்துப்போன ஒரு நகரவாசி தமது பிள்ளைப்பருவ ஊருக்குத் திரும்பிச் செல்லும் "வாக்கிங் டிஸ்டன்ஸ்" தனித்து நிற்கிறது. சிறிய குழுவுக்காக எழுதப்பட்ட அந்த மென்மையான இசை, சைக்கோவை எழுதிய அதே கைக்குரியது என்று நம்புவது கடினம். வானொலியில் கற்ற சிக்கனம் தொலைக்காட்சியின் சிறிய செலவுத்திட்டத்துக்கு நன்கு பொருந்தியது.

1963 முதல் 1965 வரை "தி ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஹவர்" தொடரின் 17 பகுதிகளுக்கு இசையமைத்தார்.

டோர்ன் கர்ட்டன்

மார்னி வணிக வெற்றி பெறவில்லை. 1960களின் நடுவில் ஹாலிவுட் நிறுவனங்கள் இளைஞர்களைக் கவரும் பாட்டுகளையும், இசைத்தட்டாக விற்கக்கூடிய மெட்டுகளையும் எதிர்பார்த்தன. பால் நியூமன், ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த "டோர்ன் கர்ட்டன்" (1966) படத்துக்குப் புதிய பாணியில் இசை வேண்டும் என்று ஹிட்ச்காக் முன்கூட்டியே ஹெர்மனிடம் வலியுறுத்தினார். ஹெர்மன் தமக்குச் சரியெனத் தோன்றியதை எழுதினார்: 12 புல்லாங்குழல்கள், 16 ஹார்ன்கள், 9 ட்ரம்போன்கள், 2 டியூபாக்கள், முரசுகள், செலோக்கள், டபுள் பாஸ்கள். வயலின் ஒன்று கூட இல்லை. இசை வேண்டாம் என்று ஹிட்ச்காக் கூறியிருந்த கொலைக் காட்சிக்கும் எழுதியிருந்தார்.

ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது ஹிட்ச்காக் வந்தார். சிறிது கேட்டதும் பதிவை நிறுத்தச் செய்தார். பின்னர் ஜான் அடிசன் அப்படத்துக்கு இசையமைத்தார். ஹெர்மனும் ஹிட்ச்காக்கும் அதன்பின் இணைந்து பணியாற்றவே இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் சைக்கோவில் ஹெர்மன் செய்ததும் இதுவே: இயக்குனர் வேண்டாம் என்ற இடத்தில் எழுதியது. அப்போது ஹிட்ச்காக் தமது படத்தைப் பற்றி ஐயத்தில் இருந்தார். இம்முறை அவர் ஐயுற்றது ஹெர்மனின் இசையைப் பற்றி.

நிராகரிக்கப்பட்ட அவ்விசையை எல்மர் பெர்ன்ஸ்டீன் 1970களில் பதிவு செய்து வெளியிட்டார். "கேப் ஃபியர்" படத்தின் 1991ஆம் ஆண்டு மறுஆக்கத்தில், 1962ஆம் ஆண்டு மூலப்படத்துக்கு ஹெர்மன் எழுதிய இசையுடன் இதன் சில பகுதிகளையும் பெர்ன்ஸ்டீன் பயன்படுத்தினார்.

இலண்டன் வாழ்க்கை

ஹாலிவுட்டில் வாய்ப்புகள் குறைந்த நிலையில் ஹெர்மனைத் தேடி வந்தவர்கள் அடுத்த தலைமுறையினர். பிரெஞ்சு இயக்குனர் பிரான்சுவா துரூஃபோ "ஃபாரன்ஹீட் 451" (1966), "தி பிரைட் வோர் பிளாக்" (1968) ஆகிய படங்களுக்கு இவரை அழைத்தார். எதிர்காலத்தில் நடக்கும் கதையான ஃபாரன்ஹீட் 451க்கு மின்னணு இசையைத் தவிர்த்து, நரம்புக் கருவிகள், ஹார்ப்புகள், சைலஃபோன் முதலியவற்றையே பயன்படுத்தினார். 1970களின் தொடக்கத்தில் இலண்டனில் நிலையாகக் குடியேறினார். தமது திரையிசையையும் பிறருடைய படைப்புகளையும் அங்கு இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார்.

அவர் மிக உயர்வாகக் கருதிய படைப்பு, எமிலி பிராண்டியின் புதினத்தைத் தழுவிய "வதரிங் ஹைட்ஸ்" ஓப்பெராவாகும். லூசில் ஃபிளெச்சர் அதற்குப் பாடல்நூல் எழுதினார். 1943இல் தொடங்கி 1951இல் முடித்தார். அரங்கேற்ற எவரும் முன்வரவில்லை. 1966இல் சொந்தச் செலவில் முழுவதையும் ஒலிப்பதிவு செய்தார். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் அது முதன்முறையாக மேடையேறியது 1982இல். அப்போது ஹெர்மன் இறந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இறுதிப் பணிகள்

பிரையன் டி பால்மா தமது "சிஸ்டர்ஸ்", "அப்செஷன்" ஆகிய படங்களுக்கு ஹெர்மனை இசையமைக்கச் செய்தார். மார்ட்டின் ஸ்கோர்செசி டாக்சி டிரைவருக்காக அணுகியபோது, வாடகைக்கார் ஓட்டுனரைப் பற்றிய படத்தில் ஹெர்மன் முதலில் ஆர்வம் காட்டவில்லை. நாயகன் காலையுணவின் மீது பிராந்தியை ஊற்றி உண்ணும் இடத்தைத் திரைக்கதையில் படித்த பின்னரே அவருக்கு விருப்பம் பிறந்தது என்று கூறப்படுகிறது.

அப்படத்தின் இசை இரண்டு எதிரெதிர்ப் பொருள்களால் ஆனது. ஒன்று, நகரத்தின் இரவையும் தனிமையையும் சுமந்த சாக்சஃபோன் மெட்டு. மற்றொன்று, தாழ்ந்த ஒலியுடைய உலோகக் காற்றுக்கருவிகளும் முரசும் சேர்ந்து மெல்லப் பெருகும் அச்சுறுத்தல். படத்தின் இறுதியில் சைக்கோவின் மூன்று சுரத் தொடர் ஒன்றையும் ஹெர்மன் சேர்த்துள்ளார்.

உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் பதிவுக்காக லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். 1975 டிசம்பர் 23 அன்று பதிவு நிறைவடைந்தது. அன்றிரவு விடுதியில் உறங்கச் சென்றவர் உறக்கத்திலேயே, டிசம்பர் 24 அன்று, 64ஆம் அகவையில் இறந்தார். படத்தின் இறுதியில் அவருக்கு நன்றியும் மரியாதையும் தெரிவிக்கும் வரி இடம்பெற்றுள்ளது. அப்செஷன், டாக்சி டிரைவர் இரண்டுமே ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. 1977இல் நடந்த விழாவில் விருது "தி ஓமன்" படத்துக்காக ஜெர்ரி கோல்ட்ஸ்மித்துக்குச் சென்றது.

பின்னாளைய பயன்பாடு

1998இல் காட்சிக்குக் காட்சி மறுஆக்கம் செய்யப்பட்ட சைக்கோ படத்தில் ஹெர்மனின் இசையே தழுவி அமைக்கப்பட்டது. "ட்விஸ்டட் நெர்வ்" (1968) என்னும் அதிகம் அறியப்படாத படத்துக்காக அவர் எழுதிய சீழ்க்கை மெட்டு, குவென்டின் டரன்டீனோவின் "கில் பில்" முதற்பாகத்தில் (2003) பயன்படுத்தப்பட்ட பின்னர் உலகெங்கும் பரவியது. 2011இல் வெளியான "தி ஆர்ட்டிஸ்ட்" என்னும் பேசாப்படம் அதன் உச்சக்காட்சியில் வெர்டிகோவின் காதல் இசையை எடுத்தாண்டபோது, வெர்டிகோவின் நாயகி கிம் நோவாக் பொதுவெளியில் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். அப்படம் அவ்வாண்டின் சிறந்த இசைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. விருதைப் பெற்றவர் அதன் இசையமைப்பாளர் லுடோவிக் பூர்ஸ்.